ஆயாக் கொட்டகையிலிருந்து அடுக்குமாடி வரை: கிள்ளான் பள்ளத்தாக்கில் தாயின் வேலையும் பிள்ளை வளர்ப்பும்

மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கின் இரப்பர்த் தோட்டங்களில் தமிழ்ப் பெண்ணின் வேலைநாள் விடிவதற்கு முன்பே தொடங்கியது. வெயில் ஏறுமுன் மரத்தின் உள்ளழுத்தம் மிகுந்திருக்கும் குளிர்ந்த வேளையில்தான் பால் தடையின்றி ஒழுகும் என்பதால், மரத்தின் இயல்பே தாயின் நேரத்தையும் வகுத்தது. இருட்டிலேயே எழுந்து, அன்றைய ஆட்கணக்கு எடுக்கும் பெரட்டுக் களத்திற்குப் போய்ப் பேர் கொடுத்துவிட்டு, தனக்கு ஒதுக்கப்பட்ட நானூறு ஐந்நூறு மரங்களை வெட்டி, மங்கு எனும் கிண்ணங்களில் வடிந்த பாலைப் பின்னர் மீண்டும் ஒரு சுற்று வந்து வாளியில் சேர்த்து, தோளில் காண்டா எனும் காவடிக்கட்டையில் தூக்கிக்கொண்டு நிறுவைக்குக் கொண்டுசெல்லும் அந்த வேலையில், இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொள்ள வழியே இல்லை.

இந்த நெருக்கடிக்குத் தோட்டம் கண்ட ஏற்பாடுதான் ஆயாக் கொட்டகை. தொழிலாளர் வரிசைவீடுகளான லயங்களுக்கு அருகே ஒரு கூரைக்கொட்டகை, அதன் உத்தரங்களில் வரிசையாகத் தொங்கும் துணித் தொட்டில்கள், மரம் வெட்டும் வலு குறைந்துபோன ஒரு மூதாட்டி: பெரும்பாலான தோட்டங்களில் குழந்தைக் காப்பகம் என்பது இவ்வளவுதான். தூக்கம் கலையாத பிள்ளையைத் துணியோடு சுற்றிக் கொண்டுவந்து ஆயாவிடம் ஒப்படைத்துவிட்டுத் தாய் பெரட்டுக்கு ஓடுவாள். ஒரே ஆயா பல குழந்தைகளுக்குத் தொட்டில் ஆட்டி, பால் கலக்கி, தவழும் பிள்ளைகள் வெளியே போய்விடாமல் பார்த்துக்கொள்வாள். கொட்டகையில் இடம் கிடைக்காத குழந்தையையும், காய்ச்சலால் அங்கே விட முடியாத குழந்தையையும் வீட்டிலேயே வைத்துக் காத்தவர்கள் பெரும்பாலும் அக்காள்மார். பல பெண்பிள்ளைகளின் பள்ளிப்படிப்பு பாதியில் நின்றதற்குத் தம்பி தங்கையின் தொட்டிலும் ஒரு காரணம் என்பதைத் தோட்ட வரலாற்றை எழுதுவோர் போதிய அழுத்தத்துடன் சொல்வதில்லை.

ஆயாக் கொட்டகையைக் கருணையின் அடையாளமாகக் கொள்வது பிழையாகும். தாய் வராவிட்டால் அவளுடைய மரங்கள் அன்று வெட்டப்படாமல் நிற்கும் என்ற கணக்கே அதன் அடித்தளம். எனினும் அந்தக் கணக்கின் பயனாக, பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் செலவில் ஒரு பங்கு முதலாளியின் ஏட்டில் ஏறியது என்பது கவனிக்கத்தக்கது. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தொகுப்பு, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று விதித்தது. தொழிலாளர் குடியிருப்பு வசதிகளுக்கான 1990-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் குழந்தைக் காப்பகத்துக்கெனத் தனிப்பகுதி இடம்பெற்றது. 1923-ஆம் ஆண்டுச் சட்டம் கேட்டதும் களத்தில் நடந்ததும் ஒன்றல்ல என்பதற்கு, 1941-இல் தொழிலாளர் தலைவர் ஆர். எச். நாதன் முதலியோர் முன்னின்ற கிள்ளான் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தமே சான்று: ஊதியத்தோடு பிள்ளைகளுக்கு முறையான கல்வியும், பெண்களிடம் அத்துமீறும் நிர்வாகிகளிடமிருந்து பாதுகாப்பும் அன்றைய கோரிக்கைகளில் இருந்தன. வேலையும் குடும்பமும் தனித்தனிப் பிரச்சினைகள் அல்ல என்பதை அத்தொழிலாளர்கள் தெளிவாகவே உணர்ந்திருந்தனர்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, செம்பனைக்கும் வீட்டுமனைக்கும் மாறிய பிந்தைய பத்தாண்டுகளில், லயத்தை இழந்த குடும்பங்கள் பல புறம்போக்குக் குடியிருப்புகளிலும், பின்னர் மலிவுவிலை அடுக்குமாடிகளிலும் குடியேறின. கோம்பாக் மாவட்டத்தில் பத்துமலையை உள்ளடக்கி 1997-இல் நகராண்மைக் கழகமாக உயர்ந்த செலாயாங், அவ்வாறு வளர்ந்த புறநகர்களுள் ஒன்று. லயத்தோடு ஆயாக் கொட்டகையும் போயிற்று. வேலைக்குக் காப்பகம் தர வேண்டிய முதலாளியும் போனார். தொழிற்சாலைக்கு முறைவேலைக்குப் போக முடியாத தாய், பிள்ளை கண்ணெதிரே இருக்கும்படி வீட்டிலேயே செய்யக்கூடிய தொழிலைத் தேடினாள்: துணி தைத்தல், பண்டிகைக்கு முறுக்கும் அதிரசமும் சுடுதல், கோயிலுக்கும் திருமணத்திற்கும் மாலை கட்டுதல். தையல் இயந்திரத்தின் மிதிபலகை ஆடும்போது விரல் நுழைக்கும் குழந்தையையும், கொதிக்கும் எண்ணெய்ச் சட்டியை நோக்கித் தவழும் குழந்தையையும் ஒரே ஆளே தடுத்தாக வேண்டும் என்பதால், இத்தொழில்களின் உண்மையான வேலைநேரம் பிள்ளை உறங்கிய பிறகே தொடங்கியது.

மற்றொரு தொழில், அண்டை வீட்டுப் பிள்ளைகளையும் தன் பிள்ளையோடு சேர்த்துப் பார்த்துக்கொள்வது. தொழிற்சாலைக்குப் போகும் தாய் அடுத்த கதவில் பிள்ளையை விட்டுச் செல்வாள். அங்கிருப்பவளோ அதையே தன் வருமானமாக்குவாள். 1984-ஆம் ஆண்டுக் குழந்தைப் பராமரிப்பு மையச் சட்டம் நான்கும் அதற்கு மேலும் குழந்தைகளைப் பராமரிக்கும் இடத்தைத்தான் பதிவுக்குக் கட்டுப்படுத்தியது. மூன்றோடு நின்றவள் எந்த அரசுப் பதிவேட்டிலும் ஏறவில்லை. தோட்டத்து ஆயாவுக்காவது சம்பளப் புத்தகத்தில் ஒரு வரி இருந்தது.

கோவிட்-19 பெருந்தொற்றால் 2020 மார்ச் 18-இல் மக்கள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது, இந்தச் சுமை அலுவலக வேலை பார்க்கும் குடும்பங்களையும் எட்டியது. ஏப்ரல் மாதத்தில் செலாயாங் பாருவிலும் மொத்த விற்பனைச் சந்தையைச் சுற்றிலும் கடுமையாக்கப்பட்ட ஆணை விதிக்கப்பட, வெளியே போய்வர வழியில்லாமல் குடும்பங்கள் வீட்டுக்குள் முடங்கின. அரசின் மக்கள் வீட்டுத் திட்ட அடுக்குமாடி வீட்டின் அளவு சுமார் 700 சதுர அடி. அந்த அளவுக்குள் தாயின் இயங்கலைக் கூட்டம், மூத்த பிள்ளையின் இல்லிருப்புக் கற்றல், இளைய பிள்ளையின் அழுகை மூன்றும் ஒரே நேரத்தில் நடந்தேறின. ஒரே கைப்பேசியைப் பங்கிட்ட வீடுகளில் தாயின் வேலையா பிள்ளையின் வகுப்பா என்று தேர்ந்தெடுக்க நேர்ந்தபோது, விட்டுக்கொடுத்தவள் யார் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

2023 சனவரி 1-இல் நடப்புக்கு வந்த வேலைவாய்ப்புச் சட்டத் திருத்தம் மகப்பேற்று விடுப்பை 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்த்தியதோடு, வேலைநேரத்தையோ வேலையிடத்தையோ மாற்றித் தரும்படி விண்ணப்பிக்கும் உரிமையையும் தந்தது. முதலாளி 60 நாள்களுக்குள் எழுத்துமூலம் பதில் தர வேண்டும். மறுத்தால் காரணம் கூற வேண்டும். விண்ணப்பிக்க முதலாளி என்று ஒருவர் இருக்க வேண்டும் என்பதால், தனக்குத்தானே தைத்தும் சுட்டும் விற்கும் தாய்க்கு இந்த உரிமை எட்டவில்லை. அவளுக்கென வந்திருப்பது, ஆண்டுக்கு 120 ரிங்கிட் சந்தாவில் வீட்டு வேலையின்போது நேரும் விபத்துக்கு இழப்பீடு தரும் 2022-ஆம் ஆண்டு இல்லத்தரசியர் சமூகப் பாதுகாப்புச் சட்டம். எண்ணெய்ச் சட்டியால் கை வெந்தால் அதற்கு வழி உண்டு, சட்டியருகே குழந்தையைப் பிடித்துக்கொள்ள ஒரு ஆயாவுக்கு இன்னும் வழி இல்லை.