நோம் நகரத்துக்கு வராத மருந்து

1925 ஜனவரி. அலாஸ்காவின் நோம் நகரம். தொண்டை அடைப்பான், அதாவது டிப்தீரியா, குழந்தைகளைத் தாக்கியது. ஊரில் ஒரே டாக்டர் கர்டிஸ் வெல்ச். முதலில் டான்சில் வீக்கம் என்றே நினைத்தார். நோய் இன்னதென்று தெரிந்தபோது கையில் இருந்ததோ காலாவதியான மருந்து!

இத்தனைக்கும் 1924 கோடையிலேயே புது மருந்து கேட்டிருந்தார். கடல் உறையுமுன் வந்த கடைசிக் கப்பலில் அது வரவில்லை. அடுத்த கப்பல் வசந்தத்தில்தான்.

பழைய மருந்துக்குப் பயந்து மூன்று வயதுப் பையனுக்கு ஊசி போடவில்லை. அவன் இறந்தான். மறுநாள் ஏழு வயதுச் சிறுமிக்குத் துணிந்து போட்டார். அவளும் பிழைக்கவில்லை.

பிறகுதான் அந்தப் புகழ்பெற்ற ஓட்டம். ஆங்கரேஜில் கிடைத்த மருந்து ரயிலில் நெனானா வரை வந்தது. அங்கிருந்து சுமார் 1,085 கி.மீ. பனிப்பாதை. நாய்கள் இழுக்கும் சறுக்கு வண்டிகளில் 20 பேர் கைமாற்றி, ஐந்தரை நாளில், பிப்ரவரி 2 விடியற்காலை கொண்டுவந்து சேர்த்தார்கள். கடைசிக் கட்டத்தில் ஓடிய பால்ட்டோ என்ற நாய்க்கு அதே ஆண்டு நியூயார்க்கில் சிலையே வைத்தார்கள். அதிக தூரம் ஓடியது என்னவோ டோகோ!

நாய்களின் பெயர்கள் நிலைத்துவிட்டன. ஊருக்கு வெளியே வாழ்ந்த பழங்குடிக் குழந்தைகளில் எத்தனை பேர் இறந்தார்கள் என்பதற்கு மட்டும் சரியான கணக்கில்லை.