பெரியம்மையின் கடைசிப் பலி

மனித குலத்தைப் பன்னூற்றாண்டுகளாக வாட்டிய பெரியம்மை இயற்கை வழியிற் கடைசியாகத் தொற்றியது, 1977ஆம் ஆண்டு ஒக்டோபரில், சோமாலியாவிலாகும். அந்நோயாளி பிழைத்துக்கொண்டார். ஆயினும் நோயின் கடைசிப் பலி மறு ஆண்டு இங்கிலாந்திலே, பர்மிங்ஹாம் நகரில் நிகழ்ந்தது.

அந்நகரப் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரியிற் பெரியம்மைக் கிருமியை ஆராயும் கூடமொன்று இருந்தது. அதற்கு மேல்மாடியிற் புகைப்படப் பணி புரிந்தவர் ஜனற் பார்க்கர். நாற்பது வயதினரான அவர் 1978 ஓகஸ்ட் 11ஆம் திகதி நோயுற்று, செப்டெம்பர் 11ஆம் திகதி இறந்தார். அதற்குச் சில நாள்களுக்கு முன்னரே, கூடத்தின் தலைவர் பேராசிரியர் பெட்சன் தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

முன்னறிகுறிகள் இல்லாமலில்லை. 1966இல் அதே புகைப்படப் பகுதியில் வேலைசெய்த ஒருவருக்கும் அம்மை கண்டிருந்தது. 1978 மே மாதத்தில் உலக சுகாதார ஸ்தாபனத்தார் கூடத்தைப் பார்வையிட்டுக் குறைகளைச் சுட்டினர். ஆண்டிறுதியில் மூடப்படவிருந்த கூடமாதலின் திருத்தங்கள் நடைபெறவில்லை, ஆராய்ச்சியோ விரைவுபடுத்தப்பட்டது. கிருமி எவ்வழியே மாடியேறிற்று என்பது ஐயமறத் துணியப்படவில்லை. அக்கூடத்திலிருந்தே வந்தது என்பதில் விசாரணையாளருக்கு ஐயமில்லை.

இதன் பின்னர்ப் பல நாடுகளின் கூடங்களிலிருந்த கிருமிகள் அழிக்கப்பட்டன, அல்லது ஒப்படைக்கப்பட்டன. இன்று ஸ்தாபனத்தின் அனுமதியோடு அவற்றைக் காப்பவை அமெரிக்காவிலும் ருஷ்யாவிலுமுள்ள இரண்டு கூடங்களே. ஊரை விட்டகன்ற பகை குப்பியில் உறங்குகின்றது. கதவடைக்கும் கடைசி நாள்வரை விதி தளரலாகாது என்பதே பார்க்கரின் மரணம் உணர்த்தும் பாடமாகும்.