பலாலி விமான நிலையம்

இலங்கையின் வட முனையில், யாழ்ப்பாண நகருக்கு வடக்கே சுமார் 16 கிலோமீட்டரில் அமைந்த விமான நிலையம். வலிகாமம் வடக்கின் செம்மண் தோட்டக் காணிகளுக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கிறது. 2019 முதல் இதன் பெயர் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம். ஊரார் வாயில் இன்றும் பலாலிதான்.

இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானிய விமானப்படை இதை அமைத்தது. 1947 டிசம்பர் 10 அன்று எயார் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானமான டக்கோட்டா, கொழும்பை அடுத்த இரத்மலானையிலிருந்து புறப்பட்டு இங்கு இறங்கியே சென்னைக்குப் பறந்தது. பின்னர் திருச்சிக்கும் சேவை நடந்தது. யாழ்ப்பாணத்தாருக்குக் கடலுக்கு அப்பாலுள்ள தமிழகம் கொழும்பைவிடக் கிட்ட என்பதை அந்த விமானங்கள் அன்றாட அனுபவமாக்கின.

உள்நாட்டுப் போர் அதைப் பறித்தது. பலாலி படைத்தளமாகி, சுற்றியிருந்த ஊர்கள் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போயின. 1990இல் மயிலிட்டி, பலாலி, காங்கேசன்துறை மக்கள் உடுத்த உடையோடு வெளியேறினர். முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் ஒரு தலைமுறையே வளர்ந்தது. விமான நிலையத்தின் வரலாற்றை எழுதுகிறவர் ஓடுபாதையை மட்டும் சொல்லி இதை விட்டுவிட முடியாது.

யாழ்ப்பாணக் குடாநாட்டைத் தெற்கோடு இணைக்கும் ஏ-9 வீதி போரால் மூடிக்கிடந்த ஆண்டுகளில் அங்கு மிஞ்சிய வழிகள் கப்பலும் இந்த ஓடுபாதையுமே. அதுவும் ஆபத்தானது. 1998 செப்டெம்பர் 29 அன்று பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயார் அன்டனோவ் விமானம் மன்னாருக்கு அருகே கடலில் வீழ்ந்து, அதிலிருந்த 55 பேரும் மாண்டனர். நிறுத்தப்பட்ட பயணிகள் சேவை 2002 போர்நிறுத்தத்தை அடுத்தே திரும்பியது.

போர் முடிந்து பத்தாண்டுகள் வரை சென்னை செல்ல விரும்பிய யாழ்ப்பாணத்தார், நெடுந்தூரம் தெற்கே பயணித்துக் கொழும்புக்கு அருகேயுள்ள கட்டுநாயக்காவில் விமானம் ஏறி, வந்த திசையிலேயே வடக்கே பறக்க வேண்டியிருந்தது. 2019 ஜூலையில் புனரமைப்புத் தொடங்கி, அக்டோபர் 17 அன்று நிலையம் திறக்கப்பட்டது. நவம்பர் 11 அன்று அலையன்ஸ் எயாரின் சென்னைச் சேவை ஆரம்பமானது. 2020 மார்ச்சில் கொரோனாவால் நின்று, 2022 டிசம்பர் 12 அன்று மீண்டது. இண்டிகோ 2024 செப்டெம்பரில் சென்னையிலிருந்தும், 2025 மார்ச் இறுதியில் திருச்சியிலிருந்தும் பறக்கத் தொடங்கியது.

போருக்குப் பின் உயர் பாதுகாப்பு வலயத்துக் காணிகள் கட்டம் கட்டமாக விடுவிக்கப்பட்டன. எல்லாம் விடுவிக்கப்படவில்லை. ஓடுபாதையை நீட்டும் எந்தத் திட்டமும் அந்தக் காணிக்காரரின் உரிமையை முதலில் தீர்த்துவிட்டே தொடங்க வேண்டும்.