கையுறை இல்லாத கை

1985-ன் கடைசி. சென்னை மருத்துவக் கல்லூரி. நுண்ணுயிரியல் மேல்படிப்பு மாணவி செல்லப்பன் நிர்மலாவுக்குப் பேராசிரியை சுனிதி சாலமன் ஒரு வேலை கொடுத்தார். எய்ட்ஸ் இங்கேயும் வந்துவிட்டதா, பார்.

நிர்மலா பாலியல் தொழிலாளிகளிடம் ரத்தம் எடுத்தார். கையுறை கிடையாது. பாதுகாப்புச் சாதனம் எதுவும் கிடையாது. மாதிரிகளை வைக்க வசதியில்லாமல் வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்தார் (துணிச்சலைப் பாருங்கள்!). வேலூர் சி.எம்.சி.யில் சோதித்தபோது ஆறு மாதிரிகளில் கிருமி இருப்பது தெரிந்தது. இந்தியாவில் எச்.ஐ.வி. கண்டுபிடிக்கப்பட்டது அப்படித்தான்.

அந்த ஆறு பேரைப் பார்த்தால் நோயாளி என்று யாராவது சொல்லியிருக்க முடியுமா? முடியாது. சிக்கலே அதுதான். அதுவரை உலகம் முழுக்க ஆஸ்பத்திரிகளில், நோய் இருப்பதாகத் தெரிந்தவர், சந்தேகப்படுகிறவர் என்றால்தான் ஜாக்கிரதை. 1987-ல் அமெரிக்காவின் சி.டி.சி. அதை மாற்றியது. யாருடைய ரத்தமானாலும் கிருமி இருப்பதாகவே நினைத்துக்கொள். கிருமி புகுந்த புதிதில் டெஸ்ட்டிலும் 'இல்லை' என்றே வரும். ஆக, கட்டிலில் 'எச்.ஐ.வி.' என்று எழுதித் தொங்கவிட்டால் நோயாளிக்கு அவமானம், மற்ற கட்டில்கள் விஷயத்தில் நர்ஸுக்குப் பொய்யான தைரியம். வேறென்ன?

இன்னொரு விதி, குத்திய ஊசிக்குத் திரும்ப மூடி போடாதே. அப்போது கையில் குத்திவிடலாம். கிருமியுள்ள ஊசி குத்தினால் ஆயிரத்தில் சுமார் 3 பேருக்குத் தொற்றும். சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு உடனே, தவறினால் 72 மணி நேரத்துக்குள், மாத்திரையை ஆரம்பிக்க வேண்டும். 28 நாள் சாப்பிட வேண்டும்.

இந்தக் கையுறையும் பயிற்சியும் மாத்திரையும் ஊழியருக்குத் தரவேண்டியது நிர்வாகத்தின் கடமை என்று இந்தியாவில் சட்டம் வந்தது 2017-ல். நிர்மலா ரத்தம் எடுத்துச் சுமார் 31 வருடம் கழித்து.