மந்திரவாதி சீமோன்

மந்திரவாதி சீமோன் கி.பி. முதல் நூற்றாண்டில் சமாரியாவில் வாழ்ந்த மாயவித்தைக்காரர். தெய்வ வல்லமை உடையவர் என மக்களால் நம்பப்பட்டார். பின்வந்த திருச்சபை எழுத்தாளர்கள் இவரைப் போலிப் போதகர்கள் அனைவருக்கும் மூலவராகக் காட்டினர்.

விவிலியச் சான்று

இவரைப் பற்றிய மிகப் பழைய குறிப்பு திருத்தூதர் பணிகள் நூலின் 8-ஆம் அதிகாரத்தில் உள்ளது. பிலிப்புவின் போதனையைக் கேட்டுத் திருமுழுக்குப் பெற்ற சீமோன், திருத்தூதர்களான பேதுருவும் யோவானும் கைகளை வைத்துத் தூய ஆவியை வழங்கியதைக் கண்டு, அந்த ஆற்றலைத் தமக்கும் தருமாறு பணம் நீட்டினார். பேதுரு கடிந்துகொண்டதும், தமக்காக மன்றாடும்படி வேண்டினார். அவரது முடிவை நூல் கூறவில்லை.

கதையின் வளர்ச்சி

அந்த இடைவெளியைப் பிற்காலம் நிரப்பியது. இரண்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எழுதிய திருச்சபை எழுத்தாளர் யுஸ்தின், தாமும் சமாரியாவில் பிறந்தவர். சீமோனின் ஊர் கித்தா என்றும், பேரரசர் கிளாடியுஸ் காலத்தில் (கி.பி. 41–54) ரோமில் அவரைத் தெய்வமாக்கி டைபர் ஆற்றுத் தீவில் சிலை வைத்தனர் என்றும் எழுதினார். 1574-இல் அத்தீவில் கிடைத்த கல்வெட்டுப் பீடமோ செமோ சாங்குஸ் என்ற பழைய ரோமானியத் தெய்வத்துக்குரியது. பெயர் ஒற்றுமையால் யுஸ்தின் பிழைபட்டிருக்கலாம் என்பது ஆய்வாளர் கருத்து.

சுமார் கி.பி. 180-இல் மற்றொரு திருச்சபை எழுத்தாளரான இரனேயு, எல்லாத் தப்பறைகளும் சீமோனிடமிருந்தே பிறந்தன என்றார். சீமோன் தம்மை உன்னத வல்லமை என்றும், தம்முடன் இருந்த எலேனாவைத் தம் முதல் எண்ணம் என்றும் போதித்ததாகவும் குறித்தார். இரண்டாம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்த ‘பேதுருவின் பணிகள்’ என்னும் புறநூலில், ரோம் நகர்மீது பறந்து காட்டும் சீமோன் பேதுருவின் மன்றாட்டால் விழுந்து கால் முறிகிறார். மூன்றாம் நூற்றாண்டு நூலொன்றிலோ, மூன்றாம் நாள் எழுவேன் என்று உயிருடன் புதைக்கச் சொல்லி, எழாமலே போகிறார்.

மதிப்பீடும் தாக்கமும்

எதிர்த்தரப்பார் எழுதியவையே பெரும்பாலும் எஞ்சியுள்ளதால், சமாரியச் சீமோனையும் கதைகளின் சீமோனையும் பிரித்தறிவது கடினம். பறத்தலும் உயிர்த்தெழுதலும் கதையாக நின்றன. திருச்சபைச் சட்டத்தில் நிலைத்தது, தூய ஆவியை வழங்கும் ஆற்றலைப் பணத்தால் வாங்க முயன்றார் என்ற பழைய குற்றச்சாட்டே. கி.பி. 451-இல் கால்சிதோன் பொதுச்சங்கம், பணத்துக்குத் திருப்பட்டம் வழங்கும் ஆயரைப் பதவியிலிருந்து நீக்க விதித்தது. திருநிலைப் பொறுப்புகளை விற்பதும் வாங்குவதும் சீமோன் பெயரால் ‘சைமனி’ எனப்படுகின்றன.