மாரட் வீதிகள்

மதுரை மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றியுள்ள மாசி வீதிகளுக்கும் வெளி வீதிகளுக்கும் இடைப்பட்ட தெருக்கள். 19ஆம் நூற்றாண்டில் மதுரைக் கோட்டை இடிக்கப்பட்டபோது பணியாற்றிய ஆங்கிலேய நில அளவையாளர் மாரட்டின் பெயரால் வழங்குகின்றன.

விசுவநாத நாயக்கர் 16ஆம் நூற்றாண்டில் எழுப்பிய கோட்டையும் அகழியும் நகரை இறுக்கி வைத்திருந்தன. 1834இல் கலெக்டராக வந்த ஜான் பிளாக்பர்ன் அவற்றை அகற்ற முனைந்தார். அவர் கண்ட வழி சாதுரியமானது: மதிலை இடித்து அகழியைத் தூர்ப்பவருக்கே அந்த இடத்தில் மனை. இதனால் அரசின் செலவு பெரிதும் மிச்சமானது. விடப்பட்ட இடத்தை அளந்து தெருவாக்கும் வேலை மாரட்டைச் சேர்ந்தது. ஆட்களை வைத்து இடித்தவர் பெருமாள் மேஸ்திரி. அவர் பெயரிலும் தெருக்கள் உண்டு. மேலதிகாரிகளோடு ஒரு மேஸ்திரிக்கும் தெருப்பெயரில் இடம் கிடைத்தது அக்காலத்தில் அபூர்வம்.

மாரட் புதிய வடிவம் எதையும் திணிக்கவில்லை. ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று கோயிலைச் சுற்றி அடுக்கடுக்காக விரிந்த பழைய அமைப்பையே புதுத் தெருக்களும் பின்தொடர்ந்தன. அவரது பங்களிப்பைத் தனி மேதைமையாகப் பேசுவது மிகை. நாயக்கர் காலத் திட்டத்தின் நீட்சி என்பதே பொருத்தம்.

பிளாக்பர்ன் நினைவாக எழுப்பப்பட்ட விளக்குத்தூண், டி. கல்லுப்பட்டி, திருமங்கலம் பக்கத்திலிருந்து ஜவுளி எடுக்க வருவோருக்கு இன்றும் அடையாளம். கோட்டையின் எஞ்சிய கொத்தளம் ஒன்று பெரியார் பேருந்து நிலையம் அருகே உள்ளது.