அசிலும் அசலும்

காரைநகரிலிருந்து ஊர்காவற்றுறைக்குப் பாதையில் கடந்துகொண்டிருந்தபோதுதான் அந்தச் சாவலைப் பார்த்தேன். பாதை என்று நாங்கள் சொல்வது ஆளையும் சைக்கிளையும் ஏற்றிக் கடலைக் கடக்கும் மிதவையை. பொடியன் ஒருவன் உரப்பையின் மூலையை வெட்டிச் சாவலின் தலையை மட்டும் வெளியே விட்டிருந்தான். கொண்டை உயர்ந்து நிற்கவில்லை. மூன்று வரியாக நெற்றியோடு ஒட்டிக் கிடந்தது. தாடி இல்லை என்றே சொல்லலாம். கழுத்திறகு குட்டையாய், இறுகி, எண்ணெய் தடவினது போல மினுங்கியது. பக்கத்தில் நின்ற பெரியவருக்கும் கண் அதில்தான்.

“தம்பி, உது என்ன சாதி? அசிலோ?”

“ஓம் ஐயா. தேப்பன் அசில். தாய் எங்கடை ஊர்க்கோழி.”

“அப்ப அசல் இல்லை.”

பொடியனின் முகம் சுருங்கிவிட்டது. எனக்கோ பெரியவர் சொன்ன அந்த இரண்டு சொற்கள் ஊர்காவற்றுறை வந்த பிறகும் காதை விட்டுப் போகவில்லை. அசில், அசல் இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். அரபியில் ‘அஸ்ல்’ என்றால் வேர், மூலம். அதிலிருந்து பிறந்த ‘அசீல்’ நல்ல கால்வழியில் வந்தது என்று பொருள்படும். தூய வழிக் குதிரையையும் அரபியர் அப்படித்தான் சொல்வார்கள். பாரசீகம், உருது வழியாக வந்து இந்தியாவில் சண்டைச் சேவலின் பெயராக நிலைத்தது. மற்றப் பிள்ளையான ‘அசல்’ கணக்குப் புத்தகத்துக்குப் போனது. தமிழ்நாட்டில் கடனின் அசலும் வட்டியும் என்பார்கள். யாழ்ப்பாணத்தில் நாங்கள் முதலும் வட்டியும் என்போம். ஆனாலும் ‘அசல்’ என்றால் கலப்பில்லாதது என்ற பொருள் எங்களுக்கும் பழக்கம்தான்.

தமிழில் இன்னொரு அசல் இருக்கிறது. அரபிக்கும் அதற்கும் தொடர்பில்லை. முயல் முசலாகவும் உயரம் உசரமாகவும் பேச்சில் மாறுவது போல அயல் அசலாயிற்று. அசல் வீடு என்றால் பக்கத்து வீடு. அசலூர் என்றால் பிற ஊர். மூலமும் அசல், பிறத்தியும் அசல். நான் அறிந்த மட்டில் கோழியின் வரலாற்றை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லும் சொல் கிடையாது.

அசில் என்ற பெயர் வருமுன்னரே சண்டைக்கோழி தமிழ் மண்ணில் இருந்தது. குறுந்தொகையில் குப்பைக் கோழியார் என்றொரு புலவர் இருக்கிறார். ஏவிவிடவும் ஆளின்றி விலக்கவும் ஆளின்றிக் குப்பைமேட்டில் தாமாகப் பொருதும் கோழிகளை உவமையாக்கியதால் வந்த பெயர். ஏவுவதற்கும் விலக்குவதற்கும் ஆள் வைத்து நடத்திய போரும் அன்றே இருந்தது என்பது அந்த உவமைக்குள்ளேயே தெரிகிறது. விழுப்புரம் பக்கத்து அரசலாபுரத்தில் சேவலுக்கே நடுகல் உண்டு. முகையூர் மேற்சேரிக்காகப் பொருத கோழி அது. இந்தளூர் நடுகல்லில் கீழ்ச்சேரிக் கோழி, பொற்கொற்றி என்ற பெயரோடு நிற்கிறது. காஞ்சியில் வாழ்ந்த தண்டி வடமொழியில் எழுதிய தசகுமார சரிதத்திலும் கீழ்ப்பகுதிச் சேவலும் மேற்பகுதிச் சேவலும் மோதுகின்றன. ஒன்று நாரிகேள சாதி, மற்றது பலாகை சாதி. தென்னையின் பெயரிலும் கொக்கின் பெயரிலும் கோழிக்கு இனம் வகுத்துப் பேசிய காலம் அது. பாதையில் பெரியவர் கேட்ட “என்ன சாதி?” அவ்வளவு பழைய கேள்வி.

தமிழ்நாட்டில் இன்றைக்கும் பெரிய உடலுள்ளதைப் பெருவிடை, சிறியதைச் சிறுவிடை என்கிறார்கள். விடை என்பது இளங்கோழி. பெண்ணானால் பேச்சில் வெடைக்கோழி.

இனி அசிலின் தூய்மைக்கு வருகிறேன். அதன் மஞ்சள் காலைப் பாருங்கள். வீட்டுக்கோழியின் மூதாதை செங்காட்டுக்கோழி. ஆனால் மஞ்சள் தோலுக்கான மரபணு அதிலிருந்து வரவில்லை, தென்னிந்தியக் காடுகளில் வாழும் சாம்பல் காட்டுக்கோழியிலிருந்து வந்தது என்று உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008இல் காட்டினார்கள். அசலின் காலிலேயே அயல் இருக்கிறது.

19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், வங்காளப் படையில் இருந்த வோல்டர் ராலே கில்பேர்ட் இங்கிலாந்தின் கோர்ண்வோலில் அசிலை அந்நாட்டுச் சண்டைக் கோழியோடு சேர்த்தார் என்பார்கள். அங்கே உருவான கோழிக்கு இந்தியன் கேம் என்று பெயர் வைத்தார்கள். சண்டைக்கு அது உதவவில்லை. இரண்டு காலும் அகன்று நிற்க, நெஞ்சில் இறைச்சி திரண்டது. அமெரிக்கா அதை கோர்ணிஷ் என்றது. 1948இல் அங்கே நடந்த ‘நாளைய கோழி’ப் போட்டியில் வான்ற்றெஸ் என்பவரின் கோர்ணிஷ் கலப்பு வென்றது. இன்றைய புறொயிலரின் தந்தைவழி அந்த கோர்ணிஷ்தான். ஊர்காவற்றுறைச் சந்தியில் தோலுரித்துத் தொங்கும் வெள்ளைக்கோழியிலும் அசிலின் குருதி ஓடியிருக்கிறது. நாங்கள்தான் அதை அந்நியம் என்று தள்ளி, ஊர்க்கோழிக்குக் கூடிய விலை கொடுக்கிறோம்.

‘ஊர்’ என்ற சொல்லையும் இந்த மண்ணில் நின்றே பார்க்க வேண்டும். நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் முதலாம் பராக்கிரமபாகுவின் 12ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. பரதேசிகள் ஊராத்துறையில் வந்து இறங்க வேண்டும், அவர்களுக்குக் காவல் வேண்டும் என்கிறது. யானையும் குதிரையும் ஏற்றிவந்த கலம் உடைந்தால் கால் பங்கு அரசுக்கு, முக்கால் பங்கு உடையவனுக்கு. வேறு சரக்கென்றால் சரிபாதி. விலங்கு கொண்டுவருபவனுக்கு அவ்வளவு சலுகை. அந்தத் துறைதான் இன்றைய ஊர்காவற்றுறை. ஊர் என்று தொடங்கும் பெயர், அயலை வரவேற்ற இடம். நெடுந்தீவுக் கட்டைக்குதிரைகள்கூடப் பறங்கியரும் ஒல்லாந்தரும் விட்டுப்போனவற்றின் வழிதான். இன்று அவற்றை நெடுந்தீவுக்கு அசல் என்று சொல்ல யார் தயங்குவார்?

பொடியன் செய்திருப்பதும் வேறல்ல. அசிலின் தட்டைக் கொண்டை முதல் தலைமுறையில் மேலோங்கி நிற்கும். அதனால்தான் தாய் ஊர்க்கோழியாயிருந்தும் குஞ்சு தகப்பனைப் போலவே தெரிகிறது. அந்தக் கலப்புகளை ஒன்றோடொன்று விட்டால் பேரக்குஞ்சுகளில் ஏறத்தாழ நாலில் ஒன்றுக்குத் தாய்வழி ஒற்றைக் கொண்டை திரும்ப எழும். சோர்ந்துபோகாமல் தலைமுறை தலைமுறையாகக் கழித்துக் கழித்து எடுத்தால்தான் சாயல் நிலைக்கும். ஆய்வு நிலையமும் இப்படிக் கலந்து பார்த்திருக்கிறது. இந்தியாவின் இசத்நகர் மத்திய பறவை ஆராய்ச்சி நிலையம் அசிலைச் சேர்த்து உருவாக்கிய கோழிக்கு நிர்பீக் என்று பெயர். அஞ்சாதது என்று பொருள். முட்டை குறைவான அசிலின் வழியில் வந்தும் அது ஆண்டுக்கு ஏறத்தாழ 200 முட்டை இடுகிறது.

பாதை கரையில் முட்டியது. இறங்கும்போது பொடியனிடம் கேட்டேன், சண்டைக்கோ வளர்க்கிறாய் என்று.

“இல்லை அண்ணை. எங்கடை பேடுகள் நல்லா அடை கிடக்கும், உடம்புதான் காணாது. இதின்ரை உடம்பு வந்தாக் காணும். இப்ப ரெண்டாம் ஈத்து.”

“பேர் என்ன வைப்பாய்?”

உரப்பையைத் தோளில் மாற்றிப் போட்டான். சாவல் என்னைத் திரும்பிப் பார்த்தது.

“இன்னும் வைக்கேல்லை.”